திருகாணி முறியட்டுமா, சுவர் முறியட்டுமா?

பல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லாரும் எலும்பைப் பற்றியே சொல்வார்கள். எலும்பு போதுமானதாக இருந்ததா, பிடித்துக்கொண்டதா, எத்தனை மாதம் காத்திருக்கச் சொன்னார்கள் என்று. தவறில்லை. எலும்பு பிடிக்காவிட்டால் மற்ற எதற்கும் வேலையே இல்லை. எலும்பு பிடித்துக்கொண்ட பின் வரும் ஆண்டுகளில் இயந்திரவியல் தகராறெல்லாம் பெரும்பாலும் வேறோர் இடத்தில் நடக்கிறது. எலும்புக்குள் புதைந்த டைட்டானியத் தண்டும், ஈறைத் தாண்டி மேலே வரும் அபட்மென்ட்டும் சந்திக்கும் மூட்டு அது. அதன் குறுக்களவு 4 மி.மீ. சொச்சம். இரண்டையும் இழுத்துப் பிடித்திருப்பது ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு திருகாணி. கிரவுன், கடி, முறுக்கு, தூக்கத்தில் நறநறவெனப் பல்லைக் கடிக்கும் பழக்கம் எல்லாம் அதன் தலையில்தான் வந்து விழுகின்றன.

இந்த மூட்டைச் செய்வதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று சுவீடனில் பிறந்தது: தண்டின் தட்டையான தலையில் ஒரு சிறு அறுகோணம் எழுந்து நிற்கும், அபட்மென்ட் அதன்மேல் தொப்பி போல உட்காரும். இன்னொன்று சுவிட்சர்லாந்தில் வளர்ந்தது: தண்டின் உள்ளே கூம்பு வடிவில் குடைந்திருக்கும், அதே சரிவுள்ள அபட்மென்ட் அதற்குள் இறங்கி இறுகும். இன்றைய சந்தையில் இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனையோ கலப்பினங்கள் உண்டு. நம் ஊர் மருத்துவமனைகளில் நிறையப் புழங்கும் உள் அறுகோண வகை அவற்றில் ஒன்று. ஆனாலும் சுமை எந்த வழியாக இறங்குகிறது, எந்த இடத்தில் உலோகம் சோர்ந்து முறிகிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்த இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தெளிவு.

சுவீடன் கதை முதலில். பெர்-இங்வார் பிரோனமார்க் 1952 வாக்கில் லுண்ட் நகரில் முயல்களின் எலும்புக்குள் டைட்டானிய உறைகளைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து உறையைக் கழற்றப் போனால் எலும்பு விடவில்லை. அந்தப் பிடிப்பை வைத்துத்தான் 1965-இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல் இம்ப்ளாண்ட்களைப் பொருத்தினார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் வேலை செய்தன. 1978-இல் இதை வணிகமாக்கக் கைகோத்த நிறுவனம் போஃபர்ஸ். ஆம், நம் நாட்டு அரசியலைக் குலுக்கிய பீரங்கியின் அதே போஃபர்ஸ்தான்.

அந்த முதல் வடிவமைப்பில் தண்டின் தலையில் நின்ற அறுகோணத்தின் உயரம் 0.7 மி.மீ. எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 2.7 மி.மீ. அதைச் சுற்றி 4.1 மி.மீ. அகலத் தட்டை மேடை. இதை எதற்காக வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். எலும்புக்குள் தண்டை முறுக்கி இறக்கும்போது கருவிக்குப் பிடிமானம் வேண்டும், அதற்காகத்தான். பின்னால் கிரவுன் சுழலாமல் காப்பதோ, பக்கவாட்டுச் சுமையைத் தாங்குவதோ அதன் வேலைப் பட்டியலில் இல்லை. அன்றைய நோயாளிகள் பல்லே இல்லாத தாடையுடன் வந்தவர்கள். நான்கைந்து தண்டுகளை ஊன்றி, அவற்றை ஒரே விறைப்பான உலோகச் சட்டத்தால் பிணைத்துவிட்டால் எந்த ஒரு மூட்டும் தனியாக வளைவதில்லை. சட்டமே சுமையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். அறுகோணம் சும்மா நின்றது.

சிக்கல் தொடங்கியது ஒற்றைப் பல்லுக்கு இதைப் பயன்படுத்தியபோது. பக்கத்துணை இல்லை, சட்டம் இல்லை, ஒரே ஒரு தண்டு. இறக்குவதற்காக வைத்த கைப்பிடியைத் தூணாக்கினார்கள். 1991-இல் டோர்ஸ்டன் யெம்ட்டும் சகாக்களும் வெளியிட்ட ஓராண்டு அறிக்கையில், முதல் ஆண்டிலேயே கால்வாசிக்குச் சற்று மேலான அபட்மென்ட் திருகாணிகளைத் திரும்ப முறுக்க வேண்டியிருந்தது. பல் மருத்துவர்கள் ‘ஸ்க்ரூ லூஸ்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் புகார் அன்று ஒரு தலைமுறை வடிவமைப்பையே கேள்விக்குள்ளாக்கியது.

சுவிஸ் கதையின் வேர் கைக்கடிகாரத்தில் இருக்கிறது. வால்டன்பர்க் என்ற சிற்றூரில் 1954-இல் ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன் தொடங்கிய ஆய்வு நிறுவனம் கடிகாரச் சுருள்வில்லுக்கான உலோகக் கலவைகளில் பேர் பெற்றது. ஓய்வின்றி அசைந்தும் சோர்ந்துபோகாத உலோகம் எது என்பதுதான் அவர்கள் தொழில். அங்கிருந்து எலும்பு முறிவுக்கான தகடுகளுக்குப் போய், 1970களில் பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே ஷ்ரோடருடன் சேர்ந்து பல் இம்ப்ளாண்ட்டுக்கு வந்தார்கள். 1980களில் அவர்கள் மூட்டில் 8 பாகைச் சரிவுள்ள கூம்பு வந்தது. கூம்பின் மூலவர் பல் மருத்துவர் இல்லை. 1860களில் அமெரிக்காவில் துளையிடும் அலகு செய்துகொண்டிருந்த ஸ்டீபன் மோர்ஸ். கோவையின் எந்த லேத் பட்டறையிலும் டெய்ல்ஸ்டாக்கில் ட்ரில் சக்கை எப்படி மாட்டுகிறார்கள் என்று பார்த்தவருக்கு விளக்கவே வேண்டாம். மரை இல்லை, பூட்டு இல்லை; கூம்பைக் கூம்புக்குள் ஓங்கித் தள்ளினால் உராய்வே பிடித்துக்கொள்ளும், எடுக்க வேண்டுமென்றால் பின்னாலிருந்து தட்ட வேண்டும். பல்லில் திருகாணியும் கூடவே இருக்கிறது. ஆனால் அங்கே அதன் வேலை வேறு.

அந்த வேறுபாடு கணக்கில்தான் பிடிபடும். அறுகோண மூட்டையே எடுப்போம். மேடையிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் கிரவுனை 100 நியூட்டன் விசை, அதாவது சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசை, பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பற்களின் கடிவிசை சில நூறு நியூட்டன் வரை போகும் என்பதால் இது பெரிய விசை ஒன்றும் இல்லை. திருப்புத்திறன் 800 நியூட்டன் மில்லிமீட்டர். அபட்மென்ட் சாயப் பார்க்கும். சாயும் பக்கத்து மேடை விளிம்பு அச்சாக நிற்க, எதிர்ப்பக்கம் வாயைத் திறக்கப் பார்க்கும். 0.7 மி.மீ. உயர அறுகோணத்தால் இதைத் தடுக்க முடியாது. கழற்றி மாட்டுவதற்காக விட்ட இடைவெளியே அதற்கு இருக்கிறது. தடுப்பது நடுவிலிருக்கும் திருகாணி மட்டுமே. விளிம்பிலிருந்து அதற்குள்ள தூரம் மேடையின் பாதி, 2.05 மி.மீ. 800-ஐ 2.05-ஆல் வகுத்தால் 390 நியூட்டன். பத்துக் கிலோ தள்ளலுக்கு நாற்பது கிலோ இழுவை. நெம்புகோல் எதிராளியின் கையில் இருக்கிறது.

திருகாணி இதை எப்படிச் சமாளிக்கிறது? முறுக்கும்போது அது ஒரு வில் போலச் சற்றே நீண்டு, தனக்குள் ஓர் இழுவிசையைச் சேமித்துக்கொள்கிறது. முன்னிழுவிசை என்று சொல்லலாம். டார்க் ரெஞ்சில் 32 நியூட்டன் சென்டிமீட்டர் என்று காட்டும் முறுக்குவிசையில் பெரும்பகுதி திருகாணித் தலைக்கு அடியிலும் மரைகளிலும் உராய்வாகக் கரைந்துவிடும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறும். 2 மி.மீ. திருகாணிக்கு வழக்கமான பொறியியல் சூத்திரத்தைப் போட்டால், உராய்வு நல்லபடியாக இருந்தால் 800 நியூட்டன் முன்னிழுவிசை கிடைக்கும். உராய்வுக் கெழு இரட்டித்தால் அதே 32-க்கு ஏறத்தாழ 400 மட்டுமே. மேலே வந்த 390-ஐயும் இந்த 400-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இரண்டு வாயிலும் ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும். ஒரு வாயில் மூட்டு நிம்மதியாக மூடியிருக்கிறது, இன்னொன்றில் ஒவ்வொரு கடிக்கும் திறக்கும் விளிம்பில் நிற்கிறது. திருகாணியின் மேல் தங்கம் பூசியதும், தங்கக் கலவையிலேயே திருகாணி செய்ததும் அழகுக்காக இல்லை, இந்த உராய்வைக் குறைக்கத்தான்.

உலோகச் சோர்வு உள்ளே நுழையும் வாசல் இங்கேதான். மூட்டு மூடியிருக்கும் வரை, வெளிச் சுமையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு சிறு பங்கை மட்டுமே திருகாணி உணரும்; மீதியை அழுந்தியிருக்கும் மேடைகள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும். மேடை திறந்த அந்தக் கணத்திலிருந்து ஏற்ற இறக்கம் முழுதும் திருகாணியினுடையது. சோர்வை நிர்ணயிப்பது சுமையின் உச்சத்தைவிட அதன் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதுதான். ஆகவே இறுக்கமான திருகாணி நிறையச் சுமந்தும் நீண்ட நாள் வாழ்கிறது. தளர்ந்த திருகாணி குறைவாகச் சுமந்தும் சீக்கிரம் சாகிறது. கூடவே இன்னொரு சங்கடம்: முறுக்கி முடித்ததும் இரு பரப்புகளின் நுண்மேடுகள் நசுங்கி, முன்னிழுவிசையில் 2 முதல் 10 சதவீதம் வரை தானாகவே குறைந்துவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை முறுக்குங்கள் என்று பாடநூல்கள் சொல்வது அதனால்தான். நெரிசலான மருத்துவமனையில் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கிறதா என்பது வேறு விஷயம். அறுகோணமும் அதன் தொப்பியும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன என்பதும் சேர்த்தி. சுழற்சித் தளர்வு 2 பாகைக்குள் இருந்தால்தான் திருகாணி மூட்டு நம்பகமாக நிற்கிறது என்று பால் பினன் 1996-இல் காட்டினார்.

இப்போது கூம்புக்கு வருவோம். அங்கே திருகாணி கீழ்நோக்கி இழுக்கும் விசை அப்படியே சுவரில் போய் விழுவதில்லை; ஆப்பு போலப் பெருகி விழுகிறது. 8 பாகைச் சரிவு, உராய்வுக் கெழு 0.3 என்று எடுத்தால், சுவரின் மேல் செங்குத்தாக அழுந்தும் மொத்த விசை திருகாணியின் இழுவிசையைப் போல இரண்டே கால் மடங்குக்கும் சற்று மேல். சரிவின் டேஞ்சன்ட் மதிப்பு 0.14, அது உராய்வுக் கெழுவைவிடக் குறைவு என்பதால் கூம்பு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளினால் அபட்மென்ட்டின் மேற்பகுதி ஒரு பக்கச் சுவரிலும் கீழ்ப்பகுதி எதிர்ப்பக்கச் சுவரிலும் சாய்ந்துகொள்கிறது. 2.05 மி.மீ. நெம்புகோல் கையை நம்பி ஒரு திருகாணி தொங்க வேண்டிய தேவை போய்விடுகிறது. கூம்பை உட்கார வைத்ததோடு திருகாணியின் பெரிய வேலை முடிந்துவிட்டது. மெர்ஸும் சகாக்களும் 2000-இல் செய்த கணினிப் பகுப்பாய்வு, 8 பாகைக் கூம்பையும் தட்டை மூட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து இதே முடிவுக்குத்தான் வந்தது. அதற்கு முன்பே மைக்கேல் நார்ட்டன் 1997-இல் இன்னொரு கூம்பு வகையை வளைத்துப் பார்த்து, அது தட்டை மூட்டைவிட நன்றாகத் தாங்குகிறது என்று எழுதியிருந்தார்.

ஒரே தடவை வளைத்துப் பார்ப்பது வேறு, லட்சக்கணக்கான தடவை வளைப்பது வேறு. 1842-இல் பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஓர் இரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்து செத்த பிறகுதான், நன்றாக இருக்கும் உலோகம் ஏன் திடீரென முறிகிறது என்ற கேள்வி ஐரோப்பாவில் தீவிரமானது. பிரஷ்ய இரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளை மறுபடி மறுபடி வளைத்து, சுமை எவ்வளவு, எத்தனை சுழற்சி தாங்கும் என்று வரைபடம் போட வழி காட்டினார். இம்ப்ளாண்ட் மூட்டுக்கு இன்று செய்யும் சோதனையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அப்படியான சோதனைகளில் இந்த இரண்டு மூட்டுகளையும் நேரடியாக மோதவிட்டது ஜப்பானின் நிகாட்டா பல்கலைக்கழகத்தில் க்ரைசாத்தும் சகாக்களும் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பக்கம் பிரோனமார்க் வெளி அறுகோணம், மறுபக்கம் சுவிஸ் மரபின் ஐ.டி.ஐ. 8 பாகைக் கூம்பு, ஒவ்வொன்றிலும் ஏழு மாதிரிகள். தண்டின் அச்சுக்குச் செங்குத்தாக 100 நியூட்டன், நிமிடத்துக்கு 75 தடவை. இலக்கு 18 லட்சம் சுழற்சி. இடைவிடாமல் ஓட்டினால் 400 மணி நேரம். கூம்புகள் ஏழும் 18 லட்சத்தைக் கடந்து நின்றன. அறுகோணங்களில் ஒன்றுகூட எல்லையைத் தொடவில்லை. முதலில் போனது 11,78,023-ஆவது சுழற்சியில், கடைசியாகப் போனது 17,33,526-இல். எல்லாவற்றிலும் முறிந்தது அபட்மென்ட் திருகாணி.

ஏழுக்குப் பூஜ்யம் என்ற இந்த முடிவை விளம்பரத் தாள்கள் விடுமா? ஆனால் நிதானமாகப் படிக்க வேண்டிய முடிவு இது. அந்த ஆய்வு 18 லட்சம் சுழற்சியை ஆறு ஆண்டு மெல்லுதலுக்கு ஈடாக வைத்தது. ஆண்டுக்கு மூன்று லட்சம். இதே துறையில் விஸ்காட் 1995-இல் போட்ட கணக்கோ வேறு: ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், நிமிடத்துக்கு 60 மெல்லல், ஆகப் பெருக்கினால் ஆண்டுக்குப் பத்து லட்சத்தை ஒட்டி வரும். முதல் கணக்குப்படி முதல் திருகாணி முறிந்தது நான்காம் ஆண்டு முடியும் தறுவாயில். இரண்டாவது கணக்குப்படி பதினான்கே மாதத்தில். அதே முறிவு, அதே எண், இடையில் இரண்டே முக்கால் ஆண்டு வித்தியாசம். அதோடு, ஒவ்வொரு மெல்லலும் செங்குத்தாகப் பக்கவாட்டில் பத்துக் கிலோவாக விழுவதில்லை. இட்லியை மெல்லும் வாயும் கொட்டைப்பாக்கைக் கடிக்கும் வாயும் ஒரே சுழற்சிக் கணக்கில் வராது. ஆய்வகச் சுழற்சி எண்களை ஆண்டுகளாக மாற்றிச் சொல்லும் எந்த வாக்கியத்தையும் நான் அரை நம்பிக்கையோடுதான் படிக்கிறேன். இரண்டு மூட்டுகளில் எது முதலில் போகும் என்ற வரிசை நம்பத்தக்கது. எப்போது போகும் என்பது அப்படி இல்லை.

ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு விதமாகச் சோதித்த குழப்பத்தைத் தீர்க்க 2003-இல் ஐ.எஸ்.ஓ. 14801 வந்தது. தண்டை 30 பாகை சாய்த்து, எலும்பு 3 மி.மீ. கரைந்துவிட்டதாகக் கொண்டு அவ்வளவையும் பிடிப்பிலிருந்து வெளியே விட்டு, பிடி மட்டத்திலிருந்து 11 மி.மீ. தொலைவில் அரைக்கோளத் தொப்பியின் மேல் அழுத்த வேண்டும். 30 பாகையின் சைன் மதிப்பு பாதி என்பதால் உள்ளபடியான கை 5.5 மி.மீ. உலர்ந்த நிலையில் 50 லட்சம் சுழற்சி, நொடிக்கு 15 சுழற்சியைத் தாண்டாமல். 37 டிகிரி செல்சியஸ் உப்புநீரில் என்றால் 20 லட்சம், நொடிக்கு இரண்டைத் தாண்டாமல். எந்தச் சுமையில் அத்தனை சுழற்சியையும் முறியாமல் கடக்கிறதோ அதுதான் அந்த மூட்டின் எல்லை. நல்ல, கடுமையான சோதனை. 3 மி.மீ. எலும்பை எடுத்துவிட்டதில் கெட்டதைக் கருதிச் சோதிக்கும் எண்ணம் தெரிகிறது. ஆனால் இது ஒரே திசையில், ஒரே அளவில் அழுத்துகிறது. வாயில் சுமை திசை மாறிக்கொண்டே இருக்கும். முறுக்கும் கலந்து வரும். வெளி அறுகோணத்தின் பெரிய பலவீனமான மெல்லத் தளர்வது இந்தச் சோதனையில் முழுதாக வெளிப்படாது.

தளர்வுக்கும் முறிவுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவு இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸிப்ரிஷ் குழு 2007-இல் மூட்டுகளை 30 பாகைச் சாய்வில் 200 நியூட்டன் வரை அழுத்தி, எக்ஸ்ரேயில் அசையும் படமாகவே எடுத்தது. தட்டை மூட்டு ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு பக்கம் வாய் திறந்து மூடுவது அந்தப் படத்தில் தெரிந்தது. நன்றாகச் செய்த கூம்புகளில் அப்படித் திறப்பு தெரியவில்லை. வாய் திறந்து மூடும் மூட்டு எச்சிலையும் கிருமியையும் உள்ளிழுத்து வெளித்தள்ளும் பம்பாகவும் ஆகிறது. அதனால் எலும்பு கரையும், எலும்பு கரைந்தால் நெம்புகோல் கை நீளும், கை நீண்டால் சோர்வு கூடும். மூட்டு தண்டின் வெளிவிளிம்பிலிருந்து உள்ளே தள்ளியிருந்தால் எலும்பு குறைவாகவே கரைகிறது என்று கண்டதுகூடத் தற்செயல்தான். 1991 வாக்கில் அகலத் தண்டுகள் வந்தபோது அவற்றுக்கேற்ற அபட்மென்ட் இன்னும் வராததால், 4.1 மி.மீ. அபட்மென்ட்டையே அவற்றின்மேல் மாட்டினார்கள். பல ஆண்டு கழித்து எக்ஸ்ரேக்களைப் புரட்டிய போது எலும்பு நன்றாக இருந்தது. லஸாராவும் போர்ட்டரும் 2006-இல் அதை எழுதினார்கள். கூம்பு மூட்டில் இந்த உள்தள்ளல் அமைப்பிலேயே எளிதாக அமைந்துவிடுகிறது.

இதுவரை படித்தவர் கூம்புக்குக் கோப்பையைக் கொடுத்திருப்பார். முறியும்போது என்ன முறிகிறது என்று பார்த்த பிறகு கொடுக்கலாம்.

வெளி அறுகோணத்தில் முறிந்த திருகாணியை உருப்பெருக்கியில் வைத்தால் கதை முழுதும் அதன் முகத்தில் எழுதியிருக்கும். விரிசல் பெரும்பாலும் தலை தண்டோடு சேரும் கழுத்திலோ முதல் மரையின் அடிப்பள்ளத்திலோ தொடங்கும். அங்கிருந்து வழவழப்பான ஒரு பிறை. அதில் அலை ஒதுங்கிய மணல் போல அடுக்கடுக்கான வளைகோடுகள். ஒவ்வொரு கோட்டு வரிசையும் விரிசல் மெல்ல நகர்ந்து நின்ற இடம். எதிர்ப்பக்கம் சொரசொரப்பான, சாம்பல் நிறத் திட்டு: கடைசியாக மிச்சமிருந்த உலோகம் ஒரே கடியில் பிய்ந்த இடம். அந்த வழவழப்பான பகுதி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு காலம் திருகாணி உள்ளே விரிசலோடு ஓடியிருக்கிறது. அதற்குள் நோயாளி ‘லேசா ஆடுற மாதிரி இருக்கு டாக்டர்’ என்று ஒரு முறையாவது சொல்லியிருப்பார். உள்ளே தங்கிய துண்டில் முன்னிழுவிசை இல்லை. மரைக்குள் சும்மாதான் கிடக்கும். கூர்முனைக் கருவியாலோ, ஸ்கேலர் முனையின் அதிர்வாலோ இடப்பக்கமாகச் சுழற்றிச் சுழற்றி வெளியே கொண்டுவந்துவிடலாம். எப்போதும் சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எலும்பிலிருக்கும் தண்டு பிழைக்கிறது. புதுத் திருகாணி, அதே கிரவுன், அன்றே வீட்டுக்கு.

கூம்பில் கணக்கு மாறுகிறது. திருகாணிமேல் விழாத சுமை எங்கோ விழத்தானே வேண்டும்? சுவரில் விழுகிறது. அந்த இரண்டே கால் மடங்கு அழுத்தம் தண்டின் வாயை வெளிநோக்கி விரிக்கப் பார்க்கிறது. மரத்துண்டில் ஆப்பு வைத்தால் நடப்பதுதான். தண்டு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சுவருக்குப் போதிய சதை இருக்கும். 3.3 மி.மீ. போன்ற ஒல்லித் தண்டில் கூம்பைக் குடைந்தபின் சுவர் சில இடங்களில் அரை மி.மீ. அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். அங்கே நெடுக்காக ஒரு விரிசல் விழுந்தால் எந்தத் திருகாணியாலும் காப்பாற்ற முடியாது. எலும்பு பிடித்துக்கொண்ட தண்டையே குழாய் வடிவ வாளால் எலும்போடு அறுத்து எடுக்க வேண்டும். குழி ஆற வேண்டும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அபட்மென்ட்டின் கழுத்து முறிந்து அடித்துண்டு கூம்புக்குள் சிக்கிக்கொள்வது இன்னொரு தலைவலி. எது பிடிப்பைக் கொடுத்ததோ அதே உராய்வு இப்போது துண்டை விடமாட்டேன் என்கிறது.

இங்கே நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளி அறுகோணத்திலும் தண்டு முறிந்ததுண்டு. எலும்பு திருகாணியின் நுனி மட்டம்வரை கரைந்து, தளர்ந்த திருகாணியைக் கவனிக்காமல் விட்டால், சுற்றுச்சுவர் குழாய் போலத் தனியாக வளைந்து சோர்ந்துபோகும். ஆனால் அதற்கு முன் திருகாணி பல தடவை மணியடித்திருக்கும். கூம்பு அப்படி முன்கூட்டிச் சொல்வது அரிது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள நார்ச்சவ்வு இம்ப்ளாண்ட்டுக்கு இல்லை என்பதால் அழுத்தத்தை உணர்த்தும் நரம்புத் தகவலும் மட்டு. பல் 25 முதல் 100 மைக்ரான் அசையும் இடத்தில் எலும்பு பிடித்த தண்டு 3 முதல் 5 மைக்ரான்தான் அசையும். ஆகவே எச்சரிக்கை மூட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பொருள் தேர்வு இந்த இடத்தில் முக்கியமாகிறது. நான்காம் தரத் தூய டைட்டானியத்தின் இழுவலிமை 550 மெகாபாஸ்கலை ஒட்டியது. அலுமினியமும் வனேடியமும் கலந்த ஐந்தாம் தரம் 860-ஐத் தாண்டும். எலும்பில் தங்கும் தண்டுக்குத் தூய டைட்டானியம், மேலே வரும் அபட்மென்ட்டுக்கும் திருகாணிக்கும் கலவை என்பது பல நிறுவனங்களின் வழக்கம். கூம்பு வந்து, ஒல்லித் தண்டுகளின் சுவர் மெலிந்ததும் தூய டைட்டானியம் போதாமல் போயிற்று. ஸ்ட்ராமன் 2009 வாக்கில் 13 முதல் 17 சதவீதம் சிர்கோனியம் கலந்த டைட்டானியத்தை ஒல்லித் தண்டுகளுக்குக் கொண்டுவந்தது எலும்புக்காக மட்டும் இல்லை, சுவருக்காகவும்தான்.

இவ்வளவு வேறுபாடும் நோயாளிகள் வாயில் எவ்வளவு தெரிகிறது? எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக. ஒற்றை இம்ப்ளாண்ட் கிரவுன்களில் திருகாணி தளர்வது பற்றி அதுவரை வெளிவந்த மருத்துவ ஆய்வுகளைத் தியோஹரிதோவும் சகாக்களும் 2008-இல் திரட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் தளர்வுத் தொல்லை இல்லாமல் இருந்தவை வெளி இணைப்பில் 97.3 சதவீதம், உள் இணைப்பில் 97.6 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். சுழற்சித் தடுப்பு ஒழுங்காக இருந்து, சரியான முறுக்குவிசை கொடுத்தால் மூட்டின் வடிவம் பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்பது அவர்கள் முடிவு. யெம்ட்டின் கால்வாசித் தளர்வு எங்கே, இந்த இரண்டரைச் சதவீதம் எங்கே! இடையில் அறுகோணம் கூம்பாகிவிடவில்லை. திருகாணியின் உலோகமும் பூச்சும் மாறின, உற்பத்தித் துல்லியம் கூடியது, கைத்திருப்பி போய் டார்க் ரெஞ்ச் வந்தது. 1990களின் ஒப்பீடுகளில் கூம்பு வென்றதில் ஒரு பங்கு, எதிரே நின்றது பழைய தலைமுறைத் திருகாணி என்பதால் கிடைத்த வெற்றி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் மூன்று ஆண்டுக் கணக்கு தளர்வைப் பிடிக்கும். பதினைந்தாம் ஆண்டில் வரும் சோர்வு முறிவைப் பிடிக்காது. அந்த அளவுக்கு ஆய்வகம் சொல்வதை ஒதுக்கிவிடவும் முடியாது.

எனவே ஒரே ஒரு கடைவாய்ப் பல், அகலத் தண்டு, ஆரோக்கியமான எலும்பு என்றால் நான் கூம்பின் பக்கம். பக்கவாட்டுச் சுமையைத் தனியாளாகத் தாங்க வேண்டிய இடம் அது. சுவருக்கும் சதை இருக்கிறது. தாடை முழுக்க நான்கு, ஆறு தண்டுகளைச் சட்டத்தால் பிணைக்கும் இடத்தில் வெளி அறுகோணம் இன்றைக்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரேசிலில் அது இன்னும் பரவலாகப் புழங்குகிறது. இப்படிப் பிணைக்கும்போது தண்டுகள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றாலும் 0.7 மி.மீ. அறுகோணத்தின்மேல் சட்டம் எளிதாக இறங்கும். கூம்புகளில் நேரடியாக அப்படி இறங்காது. முறுக்க முறுக்க அபட்மென்ட் பல பத்து மைக்ரான் கீழே அமிழவும் செய்யும், நான்கு கூம்பும் நான்கு விதமாக அமிழ்ந்தால் சட்டம் இழுபறியாகும். நடுவில் ஒரு இடை உறுப்பைப் போட்டுத்தான் சரிக்கட்டுகிறார்கள். தூக்கத்தில் பல்லை நறநறக்கும் ஆளுக்கு, முன்வரிசையின் குறுகிய இடத்தில் 3.3 மி.மீ. கூம்புத் தண்டு என்றால் எனக்குத் தயக்கம் வரும். அவருக்கு முறியப்போவது ஏதோ ஒன்று என்றால், அது கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

கடையில் கிடைக்கும் மாற்று அபட்மென்ட்கள் இரண்டு மூட்டையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 4.1 மி.மீ. மேடையும் 2.7 மி.மீ. அறுகோணமும் பல நிறுவனங்கள் பின்பற்றிப் பின்பற்றி ஏறக்குறையப் பொது அளவாகிவிட்டன; வேறு நிறுவனத்து அபட்மென்ட் உட்கார்ந்தால் வரும் நஷ்டம் சற்றுக் கூடுதல் சுழற்சித் தளர்வு. கூம்பிலோ ஒரு நிறுவனம் 8 பாகை, இன்னொன்று 11, வேறொன்று 5.7. சரிவு அரைப் பாகை பிசகினாலும் சுவர் முழுதும் படிய வேண்டிய தொடுகை மேல்விளிம்பிலோ அடியிலோ ஒரு வளையமாகச் சுருங்கிவிடும். மேல்விளிம்பில் தொட்டால் ஆப்பின் அழுத்தம் முழுதும் சுவரின் மெல்லிய வாயில். அடியில் தொட்டால் மேலே ஆட இடம், வளைப்பு திரும்பத் திருகாணிக்கே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இறுகியிருக்கும். பத்து ஆண்டு கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் அந்தக் கிரவுனைத் திறக்க வேண்டிவந்தால், எந்த நிறுவனம், எந்தத் தொடர், எந்தக் குறுக்களவு என்ற மூன்று வரி நோயாளியின் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் அந்தச் சிறு ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிக் கோப்பில் ஒட்டி வைப்பவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.